மரத்தில் தொங்கிய கிலுகிலுப்பை

மருதாசலம் எந்த ஊருக்குப் போனாலும் வெறுங்கையோடு திரும்புகிறவர் அல்ல. ஆனால் வாங்குகிற பொருளுக்கு அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. அந்த ஊர்க்காரர் கையால் செய்ததாக இருக்க வேண்டும். உடைந்தால் மண்ணோடு மண்ணாகிவிட வேண்டும். பொள்ளாச்சியில் அவர் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால் கோரைப்பாய், மூங்கில் கூடை, சுடுமண் விளக்கு, கொட்டாங்குச்சிக் கரண்டி என்று நாலைந்து மாவட்டங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு வேறு ஆடம்பரம் கிடையாது.

அந்தத் தை மாதம் அவர் சிதம்பரத்துக்கு வந்தது மகள் விஜயலட்சுமிக்காக. முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. இது மூன்றாவது, ஏழாம் மாதம். நடராசர் சந்நிதியில் மனமுருகி நின்றுவிட்டு, நெய்வேலியில் மச்சினன் சிங்காரவேலுவின் குவார்ட்டர்ஸில் இரண்டு நாள் தங்கினார். சிங்காரவேலுவுக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை. அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள்; ஒரே மகன் கல்லூரி விடுதியில் இருந்தான்.

ஊரிலிருந்து கிளம்பும்போதே மருதாசலத்தின் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். “பொறக்கறதுக்கு முன்னால கொழந்தைக்குன்னு ஒரு துணியக்கூட வாங்கிட்டு வந்துராதீங்க.”

அவரும் தலையாட்டினார். தலையாட்டிய மனிதர்தான், நெய்வேலி வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே, ஒரு புங்கமரத்தடியில் பனையோலைச் சாமான்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

பாய்மேல் விசிறி, பெட்டி, கொட்டான், ஏழெட்டு ஓலைக் கிலுகிலுப்பைகள். விற்கிற ஆளைக் காணோம். பக்கத்து டீக்கடைக்காரர் வடைச் சட்டியை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: “சாமியம்மா தண்ணி எடுக்கப் போயிருக்குதுங்க. கிலுகிலுப்ப அம்பது ரூவா. பாயிக்கு அடியில வெச்சிட்டு எடுத்துகினு போங்க. எல்லாரும் அப்பிடித்தான்.”

பாயில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். மனசு ஒட்டவில்லை. அப்போதுதான் தாழ்ந்த கிளையில் சிவப்பு நூலில் கட்டித் தொங்கிய ஒன்றைக் கண்டார். பின்னல் அவ்வளவு நெருக்கம். ஒரு பிசிறு இல்லை. நல்ல சாமானைத் தூசி படாமல் மாட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்து, முடிச்சை அவிழ்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பணத்தைப் பாய்க்கு அடியில் வைத்தார். ஒரு பைசா குறைத்து வைக்கவில்லை.

ஆட்டோவில் வரும்போது அது கிலுகிலுத்தது. ரோடு அப்படி என்று நினைத்துக்கொண்டார்.

“நெய்வேலிக்கு வந்தவங்க முந்திரிப் பருப்பு வாங்கிட்டுப் போவாங்க. மாமா விளையாட்டுச் சாமான் வாங்கியிருக்கீங்க. உங்களுக்கா?” என்று கேட்டுவிட்டு சிங்காரவேலு ஷிஃப்டுக்குப் போனான்.

வீட்டில் மருதாசலம் தனியாக இருந்தார். மத்தியான வெயில் வாசலோடு நின்றிருந்தது. தூரத்தில் சுரங்கத்து மண்ணைக் கொண்டுபோகும் பெல்ட் ஓடும் முனகல் மட்டும் விடாமல் கேட்டது. கிலுகிலுப்பை அலமாரியில் இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி போடவில்லை.

கிலுக்.

திரும்பிப் பார்த்தார். அசைவில்லை. எலியாக இருக்கும் என்று பேப்பரை எடுத்தார். மறுபடி கிலுக், கிலுக். படிக்கும்போது கேட்டது. பார்த்தால் நின்றது. ஒளிந்து விளையாடும் குழந்தை இப்படித்தான் செய்யும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததும் முழங்கையில் மயிர் சிலிர்த்தது.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். அவர் வாய் திறக்குமுன் அவளே கேட்டாள்.

“அப்பா, அங்க யாரு கொழந்தைங்க? கெக்கெக்கேன்னு சிரிக்குது.”

“இங்க எந்தக் கொழந்தையும் இல்லையே அம்மணி.”

“இல்லைங்கப்பா, பக்கத்துலயே கேக்குது. எம் பேச்சக் கேட்டுச் சிரிக்குதுங்க. இங்க வயித்துல இருக்கறதும் கூடவே உதைக்குது.”

மருதாசலம் போனை எடுத்துக்கொண்டு வேகமாக வாசலுக்கு நடந்தார். பின்னால் அலமாரியில் கிலுகிலுப்பை விடாமல் அடித்துக்கொண்டது.

“ஐயோ, அழுகுதுங்கப்பா,” என்றாள் மகள். “யாராச்சும் தூக்குங்களேன், பாவம்.”

ஏதோ சமாதானம் சொல்லிப் போனை வைத்தார். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு அலமாரி முன் போய் நின்றார். கிலுகிலுப்பையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியின் பின்னலுக்குள் கறுப்பாக ஏதோ தெரிந்தது. ஓலையைச் சற்று விலக்கினார். ஒரு கருவளையல். அவருடைய இரண்டு விரல்கூட அதற்குள் நுழையாது. கைக்குழந்தையின் வளையல்.

விற்பதற்குச் செய்த பொருளில் இதை வைத்துப் பின்ன மாட்டார்கள். யாரோ ஒரு தாயின் பொருளை எடுத்து வந்திருக்கிறார். போன் வழியாக அதைத் தன் மகள் வயிற்றுக்கு நேராக நீட்டியும்விட்டார்.

சிங்காரவேலுவுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

“மாமா, குப்பைத் தொட்டியில போட்டுட்டுக் கையக் கழுவுங்க. இதுக்கெல்லாமா யோசிப்பாங்க?”

யோசித்துப் பார்த்தார். அழுகிற ஒன்றை எப்படிக் குப்பையில் போடுவது? தோளில் கிடந்த துண்டை விரித்து, அதில் கிலுகிலுப்பையைச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அணைத்ததும் சத்தம் நின்றது. கண்டக்டர் துண்டை எட்டிப் பார்த்தார். “தூங்குதுங்களா?”

“ஆமாங்க,” என்றார் மருதாசலம். அவர் வாயில் பொய் வருவது அபூர்வம். சொன்ன பிறகு அது பொய்யாகவும் அவருக்குத் தோன்றவில்லை. மடியில் அது ஓலையின் கனத்தைவிடக் கூடுதலாகக் கனத்தது.

புங்கமரத்தடியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் புல்லை விலக்கி விலக்கித் தேடிக்கொண்டிருந்தாள். அவர் எதுவும் சொல்லுமுன் அவள் பார்வை துண்டின்மேல் விழுந்தது.

“நீங்கதான் எட்த்துகினு போனதா?”

“தெரியாமப் பண்ணிட்டனுங்க. விக்கறதுன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சுக்கோணும்.”

சாமியம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை. கிளையில் அது தொங்கிய இடத்தைப் பார்த்தபடி சொன்னாள்: “எம்பொண்ணுதுங்க. எட்டு மாசத்துல சொரம் வந்து போயிடுச்சி. கழனி ஓரமாத்தான் பொதச்சோம். அப்பறம் மைன்ஸ் வந்துச்சி. ஊரே எடம் மாறிச்சி. வூட்டப் பிரிச்சி எட்த்துகினு வந்தோம், மாட்ட ஓட்டிகினு வந்தோம். குழிய எப்பிடி எட்த்துகினு வர்றது? அதான் தையில தையில பழசப் பிரிச்சி, அவ வளையல உள்ள வெச்சிப் புதுசா ஒண்ணு பின்னி இங்க கட்டிடுறன். பதினாறு வருசமா.”

மருதாசலத்துக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “எம்மக மாசமா இருக்கா. இதுக்கு முந்தி ரெண்டு தங்கலைங்க. இது அவ பேசறப்பெல்லாம் சத்தம் போட்டுச்சு. அவளுக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா?”

அவள் அவர் கையை இறுகப் பிடித்தாள்.

“சத்தம் போட்டுச்சா?”

“ஆமாங்க.”

“நீங்க கேட்டிங்களா? உங்க காதால?”

“சத்தத்த நான் கேட்டேன். சிரிச்சத எம்மக கேட்டாளாமா. அப்பறம் அழுதுச்சுன்னா.”

“சிரிச்சிச்சா,” என்றாள் சாமியம்மாள். “பதினாறு வருசமா காலயில வந்து குந்தறன், பொழுது சாய எழுந்து போறன். ஒரு வாட்டி கேட்டதில்லிங்க. காத்துக்கு ஆடும். அது வேற. எனக்குத் தெரியும்.”

பிறகு, கூச்சத்தோடு, கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “உங்க பொண்ணு பேசினா சிரிக்குதுன்னிங்களே. ஒரு வாட்டி போன் போடுவிங்களா?”

எந்த ஒன்றிலிருந்து மகளை விலக்கிவைக்க அவர் ஓடி வந்தாரோ, அதன் முன்னாலேயே மறுபடி அவள் குரலைக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறாள். போனை எடுத்தார். விரல் மகளின் பெயர்மேல் நின்றது. நடராசா, உன்னிடம் கேட்டது ஒரு பிள்ளைக்காக. இவளும் ஒரு பிள்ளைக்காகத்தான் கேட்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டு உன் முன்னால் எந்த முகத்தோடு வந்து நிற்பேன்?

அழுத்தினார்.

“அம்மணி, பயப்படாதே. மத்தியானம் நீ கேட்ட கொழந்தையோட அம்மா இங்க இருக்காங்க. பாப்பா இப்ப உசுரோட இல்லை. அவங்களுக்கு அது சிரிக்கறத ஒருக்காக் கேக்கோணுமாம். நீ பேசினா சிரிக்கும். உனக்கு முடியாதுன்னா வேண்டாஞ்சாமி, வெச்சிரு.”

வைத்துவிடுவாள் என்று நினைத்தார். வைத்துவிட வேண்டும் என்றும் நினைத்தார்.

“ஸ்பீக்கர்ல போடுங்கப்பா,” என்றாள் விஜயலட்சுமி. பிறகு குரலைத் தாழ்த்தி, “என்ன தங்கம், அம்மா மடியில இருக்கறயா? சாப்பிட்டயா? என்ன சாப்பிட்ட?” என்றாள்.

சாமியம்மாளின் திறந்த உள்ளங்கையில் கிடந்த கிலுகிலுப்பை ஒருமுறை புரண்டது. இலை அசையாத வெயிலில், டீக்கடைக்காரர் தலை நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு, கிலுகிலுவென்று அடித்தது. மருதாசலத்துக்கு ஓலைச் சத்தம் மட்டுந்தான் கேட்டது. சாமியம்மாளுக்கு என்ன கேட்டதோ, அவள் வாய் திறந்து மூடியது; கண்ணீர் தாடையில் இறங்கியதை அவள் துடைக்கவில்லை. “பல்லு மொளைக்கறப்போ இப்பிடித்தான் சிரிப்பா,” என்று யாருக்கோ சொன்னாள்.

மகள் பேசிக்கொண்டே இருந்தாள். மருதாசலம் போனைக் கிலுகிலுப்பை அருகே பிடித்திருந்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சாமியம்மாள் தானாகவே மற்றொரு கையால் கிலுகிலுப்பையை மூடினாள்.

“போதும் கண்ணு,” என்றாள் போனைப் பார்த்து. “மாசமா இருக்கற புள்ள. உன்ன ரொம்ப நேரம் கேக்கக் கூடாது. அதும் பச்சப் புள்ளதான, கெட்டது நெனைக்கத் தெரியாது. வெளையாட ஆள் இருக்குதுன்னு வந்திருக்கு. இனிமே நான் வெச்சிக்கறன்.” மருதாசலத்திடம் திரும்பினாள். “இப்ப எதுவும் வாங்கிகினு போவாதிங்க. பொறக்கட்டும். வந்து சொல்லுங்க, புதுசாப் பின்னித் தர்றன்.”

பாய்க்கு அடியிலிருந்து அவர் வைத்த நோட்டை எடுத்து நீட்டினாள். மருதாசலம் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அவள் மரத்தருகே போய்க் கிளையில் நூலைச் சுற்ற ஆரம்பித்தாள்.

“அப்பா, அந்த அம்மா கேட்டாங்களா?”

“கேட்டாங்க அம்மணி.”

“உள்ள இருக்கறது இப்ப உதைக்கலைங்க. கம்முனு தூங்கறாப்பல இருக்குது.” சற்று நின்று கேட்டாள்: “அந்தப் பாப்பா பேரென்னங்கப்பா?”

அவர் சாமியம்மாளைப் பார்த்தார். அவள் கிளையை விட்டுத் திரும்பாமல் சொன்னாள்: “பொற்கொடி.”

விஜயலட்சுமி அதைத் திரும்பச் சொன்னாள். மெல்ல, தன் பிள்ளைக்கு வைக்கப்போகிற பெயரை வாயில் வைத்து ருசி பார்க்கிறவளைப் போல, இரண்டு தரம் சொன்னாள். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த சாமியம்மாளின் கை அப்படியே நின்றது.