ஒருத்திக்கு மட்டும் அழைப்பு

என் தம்பி வெளிநாட்டில் மிஷனரியாக இருக்கிறான் என்று சொன்னால் சிலர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நிற்பார்கள், சிலர் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி நழுவுவார்கள். எனக்கு இரண்டும் வராது. அவனுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு வளர்த்தவள் நான். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, அவன் மனைவிக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன் என்று போன் வந்தது. "அக்கா, கொஞ்ச நாள் வந்து இருக்கியா?" என்றான். கொஞ்ச நாள் என்றால் அவன் அகராதியில் எவ்வளவு என்பது தெரிந்தேதான் விமானம் ஏறினேன்.

வீடு மூன்றாவது மாடியில். வாரத்தில் மற்ற நாளெல்லாம் வீடு, ஞாயிற்றுக்கிழமை சபை. சனிக்கிழமை சாயங்காலமே முன்னறை சோபா சமையலறைக்குக் குடிபெயர்ந்துவிடும். அது ஃபிரிட்ஜ் கதவை அடைத்துக்கொண்டு நிற்பதால், ஆராதனை முடியும்வரை பாலுக்கும் முட்டைக்கும் தரிசனம் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலிகள் மகளின் அறையில், கட்டிலை ஒட்டிக் கூரைவரை அடுக்கியிருக்கும். கீபோர்டு அவள் கட்டிலுக்கு அடியில். சிறுபிள்ளைகளின் வகுப்பு அவள் கட்டிலின் மேல். திங்கட்கிழமை அவள் போர்வையை உதறினால் பிஸ்கட் தூளும் யாரோ ஒரு குழந்தையின் ஒற்றை சாக்ஸும் விழும்.

அவளை நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம். சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்காமல் ஆடியதால் வந்த பெயர். பதின்மூன்றை நெருங்கும்போது ஆட்டமும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். நான் போய் இறங்கிய அன்று என்னைக் கட்டிப்பிடித்து, "அத்தை, உங்களுக்கு என் ரூம்லதான் படுக்கை. சேர் மேல விழுந்தா கத்துங்க, நான் எழுந்து வர்றேன்" என்றாள். அந்த ஒரு வாரத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அந்த வீட்டில் கொண்டாட்டங்களையும் சபைக்கே பட்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள். தம்பியின் கல்யாண நாள் வந்தால் ஊரே உட்கார்ந்து சாப்பிட, கல்யாணப் பெண் பட்டுச்சேலையோடு அடுப்படியில் நிற்பாள். கிறிஸ்துமஸுக்கு விடிந்ததிலிருந்து கடைசி பஸ் போகும்வரை ஆட்கள். இவர்கள் மூவரும் மறுநாள் நைட்டியும் லுங்கியுமாக நாற்காலி அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து தங்கள் பரிசுகளைப் பிரித்துக்கொள்வார்கள். போன வருஷம் வாலுவின் பிறந்தநாளுக்கு, கேக் வெட்டுவதற்கு முன் என் தம்பி சின்னதாக ஒரு பிரசங்கம் செய்திருக்கிறான். மெழுகுவர்த்தி எல்லாம் உருகிக் கேக்கோடு ஒட்டிக்கொண்டதாக அவன் மனைவி சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அவளுக்கு அது சிரிப்பாக இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

தம்பி கெட்டவன் இல்லை. அவனைப் போல நல்லவன் கிடைப்பது கஷ்டம். அவனிடம் உள்ள ஒரே வியாதி, எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவர்கள் வழக்கம் அப்படி. கஷ்டம் வந்தால் சபையில் சொல்லி எல்லாரையும் ஜெபிக்கக் கேட்க வேண்டும். கஷ்டம் தீர்ந்தால் எழுந்து நின்று அதையும் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். கேட்டதை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டு, கிடைத்ததைக் கமுக்கமாக வைத்துக்கொள்வது நன்றிகெட்டதனம் என்பது அவன் கட்சி.

நான் வருவதற்குச் சில மாதம் முன்பு, பள்ளிக்கூடத்தில் யாரும் தன்னோடு பேசுவதில்லை என்று வாலு ஒருநாள் தன் அம்மாவிடம் அழுதிருக்கிறாள். அம்மா அப்பாவிடம் சொல்ல, அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமையே எழுந்து நின்று, "என் மகளோட ஸ்கூல்ல யாரும் பேசறதில்ல. ஒரு நல்ல சிநேகிதி கிடைக்கணும்னு எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டான். அதன்பிறகு வாலுவுக்கு விடிவே இல்லை. சபைக்கு வரும் லாரிக்காரர், தங்கமான மனிதர், வாராவாரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "யாராவது பேசினாங்களாம்மா?" என்று கேட்பார். நம் ஊரிலிருந்து சபைப் பெண்கள் போன் போட்டு, "கண்ணு, ஃப்ரெண்டு கிடைச்சாச்சா?" என்பார்கள். அன்றிலிருந்து அவள் வீட்டில் எதையும் சொல்வதில்லை.

அதனால்தான் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவளாக வாயைத் திறந்தபோது நாங்கள் மூவரும் கையிலிருந்த கவளத்தோடு நின்றுவிட்டோம்.

"இந்த வருஷம் என் பிறந்தநாளுக்கு ஒருத்தி மட்டும் வருவா."

"யாரும்மா?" என்றான் தம்பி.

"என் கிளாஸ். தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் பொண்ணு. வேற யாரும் வரக்கூடாது. சேர் வெளிய வரக்கூடாது. பாட்டு, பிரசங்கம் ஒண்ணும் கூடாது."

"சரிம்மா. சின்னதா ஒரு ஜெபம்?"

"அப்பா!"

"சரி சரி. மனசுக்குள்ள பண்ணிக்கறேன்."

படுக்கப் போகும்போது என்னிடம் மீதியைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இந்தச் சிநேகம் பிடிக்கவில்லையாம். 'அவங்க அப்பாவுக்கு ஆள் சேக்கறதுதான் வேலை. உன்னைக் கூப்பிடறதும் அதுக்குத்தான், பாத்துக்கோ' என்றாளாம். "நான் சத்தியம் பண்ணியிருக்கேன் அத்தை. எங்க வீடும் சாதாரண வீடுதான், யாரும் உன்னைப் பிடிச்சு வச்சு ஜெபம் பண்ண மாட்டாங்கன்னு. அவ ஒருத்திதான் அத்தை எனக்கு." "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல" என்றேன். பெரிய மலை மாதிரி நான் இருந்து கிழித்தது பின்னால் தெரிந்தது.

சனிக்கிழமை அந்தப் பெண் வந்தாள். சிவந்த மூக்கும், கடை மணக்கும் ஒரு பெட்டி பன்னுமாக. சோபா சோபாவின் இடத்திலேயே இருந்தது. நான் அங்கே போனதிலிருந்து ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தில் ஃபிரிட்ஜ் திறந்தது அன்றுதான். இரண்டு பெண்களும் எதையோ பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது, சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தம்பி மனைவி என் கையைக் கிள்ளினாள். "பாத்தீங்களா அண்ணி, இவ சிரிச்சு எத்தனை நாளாச்சு!"

அப்போது காலிங் பெல் அடித்தது.

லாரிக்காரர். கையில் பலூன் கொத்து. பின்னால் ஆபீஸ் கூட்டும் வேலை செய்யும் அக்கா தங்கை. அதற்குப் பின்னால் படிக்கட்டு வளைவுவரை தலைகள். தம்பி பேய் அறைந்த மாதிரி நின்றான். பிறகு விஷயம் வெளியே வந்தது. சந்தோஷம் தாங்காமல் லாரிக்காரரிடம் மட்டும், 'நாம கேட்டது கிடைச்சாச்சு, சனிக்கிழமை அந்தப் பிள்ளை வீட்டுக்கு வருது' என்று சொல்லியிருக்கிறான். லாரிக்காரரிடம் மட்டும் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான்.

வாசலில் நிற்பவர்களைப் போகச் சொல்ல என் தம்பிக்கு வராது. அவன் வாழ்க்கையே வாங்க வாங்க என்பதுதான். "வாங்க, உள்ள வாங்க" என்றான். அடுத்த நிமிஷம் அவன் வாயே, "சேர் எடுங்க" என்றது. நாற்காலிகள் கையோடு கையாக முன்னறைக்கு வந்தன. வாலு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேக் வெட்டியாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். லாரிக்காரர் ஆசையாக, "பாஸ்டர், நாங்க எல்லாரும் ஜெபிச்சோம்ல. ஒரு சாட்சி சொல்லுங்க" என்றார். அவன் மனைவி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நான் இருமினேன். தம்பி எழுந்துவிட்டான். அவன் எப்போதும் முதலில் தமிழில் சொல்லி, பிறகு அந்த ஊர் மொழியில் சொல்வான். அன்றைக்கென்று, வந்த விருந்தாளிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அவள் மொழியிலேயே நேராகத் தொடங்கினான். தமிழில் பேசித் தொலைத்திருந்தால் அந்தப் பெண் பாட்டுக்குக் கேக்கைத் தின்றுவிட்டுப் போயிருக்கும்.

தம்பி மனைவி என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். "எங்க மகளுக்கு ஒரு சிநேகிதி வேணும்னு மாசக்கணக்கா ஜெபிச்சோம்ங்கறார்... நீ எங்களுக்குக் கிடைச்ச பதில்ங்கறார்... நீ வீட்டுக்கு வரணும்னு இத்தனை பேரும் காத்துட்டு இருந்தோம்ங்கறார்... ஐயோ அண்ணி, போச்சு."

எல்லாரும் கை தட்டினார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள். தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வாலுவிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அதைத் தம்பி மனைவி மொழிபெயர்க்கவில்லை, பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "எங்கம்மா சொன்னதுதான் சரி." அவ்வளவுதான். ஷூவுக்குள் காலைப் பாதி நுழைத்தபடியே படியிறங்கிப் போய்விட்டாள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு வீடு எழவு வீடு மாதிரி இருந்தது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஏண்டா, ஆஸ்பத்திரியிலகூட திரையைப் போட்டுட்டுத்தான்டா பாப்போம். பெத்த பிள்ளையை நடுக்கூடத்துல படுக்க வச்சுப் பிரிச்சுக் காட்டிட்டியே!"

"சந்தோஷத்துல சொல்லிட்டேன்கா" என்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் நாளைக்கே அந்தக் கடைக்குப் போய் அவங்க அப்பா அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுடறேன்."

"நீங்க போகக்கூடாது" என்றாள் வாலு. அழவில்லை. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே பேசினாள். "நீங்க போனா, ஆள் பிடிக்க வந்திருக்கீங்கன்னுதான் நினைப்பாங்க. இனிமே என் விஷயத்தை யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சரிம்மா." கொஞ்சம் தயங்கி, "ஆண்டவர்கிட்ட?" என்றான்.

அவள் யோசித்தாள். "அவர்கிட்டயும் சத்தமா சொல்லக்கூடாது."

ஊர் ஊராகப் போய்ப் பேசியே பழகினவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை எது? சும்மா இருக்க வேண்டும். மறுநாள் ஆராதனையில் லாரிக்காரர் எழுந்து, "அந்தப் பிள்ளை திரும்ப வரணும்னு ஜெபிக்கலாமா?" என்றார். தம்பி தரையைப் பார்த்தபடி, "வேண்டாம்ணே. அது எங்க வீட்டு விஷயம்" என்றான். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டு அவன் மனைவி பைபிளைக் கீழே போட்டுவிட்டாள். குடும்ப ஜெபத்தில் எங்கள் எல்லாருடைய பெயரையும் சொல்லிக்கொண்டே வருவான். வாலுவின் முறை வரும்போது வாயை மூடிக்கொள்வான். அந்த நேரத்தில் அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். காலையில் காபியைத் தொடுவதில்லை. கேட்டால் வயிறு சரியில்லையாம். ஒரு நர்ஸிடம் வயிறு சரியில்லை என்று புளுகவும் ஒரு துணிச்சல் வேண்டும். உபவாசம் இருக்கிறான் என்று தெரியாதா எனக்கு?

பள்ளியில் அந்தப் பெண் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். வாலு தினமும் பள்ளி விட்டதும் ரொட்டிக்கடைக்கு எதிரே போய் நின்றுவிட்டு வருவாள். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. ஒருநாள் நான் ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லி அவளை இழுத்துக்கொண்டு போனேன். கல்லாவில் அந்தப் பெண்தான் இருந்தாள். எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். வாலு வரிசையை விட்டு விலகிக் கல்லாவின் ஓரத்துக்குப் போனாள். அந்தப் பெண் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே எதையோ கேட்டாள். முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. வாலு பதில் சொன்னாள். ஒரே ஒரு வரி. அந்தப் பெண்ணின் கை நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டாள்.

வெளியே வந்ததும், "என்னடி கேட்டா?" என்றேன்.

"அத்தனை பேர் இருந்தாங்களே, முதல் நாள் ஏன் என் பக்கத்துல வந்து உக்காந்தேன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"உன் பக்கத்துலதான் ஹீட்டர் இருந்துச்சுன்னு சொன்னேன்."

"அதுக்கா சிரிச்சா?"

"நிஜமாவே அதுக்குத்தான் அத்தை உக்காந்தேன். அவளுக்குத் தெரியும், நான் எப்பவும் குளிர்ல நடுங்குவேன்னு."

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாலுவின் அறையில் இரண்டு குரல்கள். தம்பி வெளியிலிருந்து வந்தான். வாசலில் ஷூக்களைப் பார்த்து அப்படியே நின்றான். ஒரு ஜோடி கூடுதலாக இருந்தது. அறைக்குள் யாரோ நாற்காலி அடுக்கில் முட்டிக்கொள்ள, இருவரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். என் தம்பியின் வாய் திறந்துவிட்டது. ஸ்தோத்திரம் என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்து நின்றதை நான் பார்த்தேன்.

வாலு கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "வந்துட்டீங்களாப்பா" என்றாள். போலீஸ்காரன் பார்வை.

"ம்" என்றான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். குழாயை முழுசாகத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம். அவன் மனைவி ஆபரேஷன் ஆகாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் உள்ளேயிருந்து ஏதோ கேட்டாள். வாலு பதில் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் குளியலறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் அறைக் கதவை மெதுவாகச் சாத்தினாள். அப்பா இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக்கொள்ளட்டும் என்றுதான் சாத்தினாள், எனக்குத் தெரியும்.

தண்ணீர் வெகு நேரம் ஓடியது. வேறொரு நாளாக இருந்தால் நான் கத்தியிருப்பேன்.