பெருவிரல் கட்டு

தாராவிக் குழாயடியில் முறை தப்பியதற்காக எவனோ தோல் சீவுகிற கத்தியை வெயிலுமுத்துவின் தொடையில் இறக்கிவிட்டான். ஒரு குடம் தண்ணீருக்கு இந்தக் கூத்து! கைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது பாதி ரத்தம் தெருவிலேயே போயிருந்தது.

மராட்டிக்கார டாக்டர் காயத்துக்குள் விரலை விட்டு அமுக்கினார். வெயிலுமுத்து இரண்டு காலாலும் உதைத்தான். ஒவ்வொரு உதைக்கும் விரல் வழுக்கியது. மேஜையில் கால் கட்டுகிற வார் எப்போதோ அறுந்துபோனது, மாற்ற ஆளில்லை. ஆயா பேராச்சியின் கைக்கு எட்டியது துணிப்பட்டைத் துண்டு ஒன்றுதான். கணுக்காலைச் சுற்ற அது காணாது. அவனுடைய இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து வைத்து இறுக்கிக் கட்டினாள். உதை நின்றது.

"ஹாத் மத் ஹடானா!" கையை எடுத்துவிடாதே என்று இந்தியில் கத்தி, அவளுடைய கையைப் பிடித்துக் காயத்தில் வைத்துவிட்டு, ரத்தக்குழாயைக் கவ்வும் இடுக்கி எடுக்க டாக்டர் ஓடினார். பேராச்சி கட்டைவிரலை அழுத்தினாள். விரலுக்கடியில் அவன் உயிர் துடித்தது. கொஞ்சத்தில் அவனுக்குக் கண் சொருகியது, மயங்கிவிட்டான்.

அப்போதுதான் அவனுடைய அண்ணன் சொரிமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். ரத்தத்தில் நனைந்த விரிப்பு. அசையாத உடம்பு. சேர்த்துக் கட்டிய பெருவிரல்கள். திருநெல்வேலிப் பக்கம் பிணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். பேராச்சிக்கும் அதே ஊர்ப்பக்கம்தான், அவளுக்குத் தெரியாததா? கட்டும்போது உதைக்கிற கால்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"எந்தம்பியக் கொன்னுட்டியளே, பாவியளா!"

"ஏல, உசுரு இருக்குல! கிட்ட வராத!"

அவனுக்கு எங்கே காது கேட்டது? பாட்டில் தொங்கவிடுகிற இரும்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டான். வாசலில் நின்ற வார்ட்பாய் நைசாக நழுவினான், அவன் நாசமாய்ப் போக. முதல் அடி பேராச்சியின் முதுகில் விழுந்தது. அடுத்தது தோளில். அவள் வெயிலுமுத்துவின் மேல் கவிழ்ந்துகொண்டாள், விரலை எடுக்கவில்லை. பிறகு கம்பம் அவளுடைய மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கை செத்து விழுந்தது.

காயத்திலிருந்து ரத்தம் பீச்சி சொரிமுத்துவின் முகத்தில் அடித்தது. சுடச்சுட இருந்தது. கம்பத்தை நழுவவிட்டு விழித்தான்.

"செத்தவனுக்கு இப்படியால பீச்சும்?" இடதுகையால் அவன் கையை இழுத்துத் தம்பியின் தொடைக்குள் திணித்தாள். "அமுக்குல, மூதேவி! விட்டுராத!"

அவன் அமுக்கினான். இன்னொரு கை உருப்படியாக இருந்திருந்தால் அதே கம்பத்தால் அவன் மண்டையைப் பிளந்திருப்பாள். அவ்வளவு ஆத்திரம். வலியில் வாந்தி வந்தது. சுவரில் சாய்ந்து, கதவைப் பார்த்து டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

டாக்டர் ஓடி வந்தார். வெயிலுமுத்துவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டுப் பேராச்சியைப் பார்த்தார். தமிழில் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"போதும்யா," என்றாள். அவளுடைய ஆத்திரமெல்லாம் வடிந்துபோயிருந்தது. "கைய எடுத்துரு."

சொரிமுத்து இரண்டு கையாலும் இன்னும் இறுக்கி அமுக்கினான்.

"எடுத்தா செத்துருவான்க்கா," என்றான்.