ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேடல்

நல்லம்பள்ளிக்கு அப்பால் ஒரு துணை சுகாதார நிலையம். வீடியோவில் டாக்டரிடம் பேசும்போது லைன் அறுந்து அறுந்து போகிறது என்று அங்கிருந்து மூன்று வாரமாகப் புகார். கிராமங்களுக்கு வைஃபை அமைத்துத் தரும் தருமபுரி நிறுவனம் ஒன்றில் சுசித்ராவுக்கு வேலை. வைஃபை பெட்டி பழுதாகியிருக்கும், மாற்றிவிட்டு வா என்றார் மேலாளர் கலைவாணன். புதுப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் போனாள்.

நர்ஸ் சகாயமேரி கோபப்படவில்லை. ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். லைன் அறுந்த நேரமெல்லாம் அதில் எழுதியிருந்தது. 10.05, 10.10, 10.15. பழுதான பெட்டி இப்படி மணி பார்த்து நிற்காதே என்று சுசித்ராவுக்குப் பட்டது.

"எனக்காகக் கேக்கலீங்க," என்றார் சகாயமேரி. "பாஞ்சாலின்னு ஒரு அம்மா மனநல டாக்டர்கிட்ட பேச வர்றாங்க. பேச ஆரம்பிக்கவே அவங்களுக்கு நேரமாவுது. வாயத் திறக்கறப்ப லைன் போயிருது. திரும்ப வந்தா, ஒண்ணுமில்லீங்கன்னு எழுந்துக்கறாங்க. மூணு தடவ இப்படியே வூட்டுக்குப் போயிட்டாங்க. இன்னைக்குப் பன்னண்டு மணிக்கு வருவாங்க."

சுசித்ரா புதுப் பெட்டியை வெளியே எடுக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள்.

பெட்டிக்குள் அலைகளை அனுப்பிப் பெறும் ரேடியோ ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்து மூன்று நெட்வொர்க்குகள் ஓடின. நர்ஸின் டேப்லெட்டுக்கு ஒன்று, காத்திருப்பவர்களின் போன்களுக்கு ஒன்று, இணையம் தரும், தண்ணீர்த் தொட்டி மேலிருக்கும் ஆன்டெனாவைப் பிடிக்க ஒன்று. எந்தச் சேனலில், அதாவது எந்த அலைவரிசையில், நெரிசல் குறைவு என்று தெரிந்துகொள்ள, ரேடியோ தன் சேனலை விட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வர வேண்டும். அதுவரை இங்கே பேசுவது அதற்குக் கேட்காது. ஒரு தேடல் என்றால் ஓரிரு நொடி, யாருக்கும் தெரியாது. இங்கே மூன்று நெட்வொர்க்கும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தேடின. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. அத்தனை நேரம் தாங்காமல்தான் லைன் அறுந்தது.

அப்படித் தேடச் சொல்லும் கட்டளையைப் பெட்டிக்கு எழுதியது யாரென்று பார்த்தாள். ஜனவரியில் அவள் எழுதியது. ஆபீஸில் ஒரே ஒரு நெட்வொர்க்கை மட்டும் போட்டுச் சோதித்திருந்தாள்.

புதுப் பெட்டியை மாட்டி, சத்தமில்லாமல் கட்டளையைத் திருத்திவிட்டுப் போனால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நினைப்போடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வேலையைத் தொடங்கினாள்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேடல், கிடைப்பதை மூன்றும் பகிர்ந்துகொள்ளட்டும், யாராவது பேசிக்கொண்டிருந்தால் தேடல் பொறுத்திருக்கட்டும் என்று மாற்றினாள். சோதித்தபோது 11.20க்கு மறுபடி அறுந்தது. காத்திருப்பவர்களின் நெட்வொர்க் மட்டும் பழைய கட்டளையை விடாமல் வைத்திருந்தது. அதையும் எடுத்தாள்.

பாஞ்சாலி பன்னிரண்டுக்கு முன்பே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அறைக்குள் போனார். சகாயமேரி டேப்லெட்டில் டாக்டரை அழைத்துக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

சுசித்ரா வராந்தா பெஞ்சில் திரையைப் பார்த்தபடி இருந்தாள். 12.05. தேடல் தள்ளிவைக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. 12.10க்கு இன்னொன்று. உள்ளே முதலில் டாக்டரின் குரல் மட்டும் தேய்ந்து கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அது குறைந்து, மற்றக் குரல் தொடங்கியது. என்ன பேச்சென்று புரியவில்லை. நிற்காமல் போனது மட்டும் தெரிந்தது.

கதவு திறந்தபோது மணி 12.40. பாஞ்சாலியின் கண் சிவந்திருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தார். அடுத்த வாரம் எந்தக் கிழமை வரணும் என்று அவரே கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்பினார்.

அவர் போனதும் சுசித்ரா சொன்னாள்: "பெட்டியில கோளாறு இல்லீங்க. தப்பு என்னுது. நான் எழுதினதுதான் இப்படிப் பண்ணுச்சு."

சகாயமேரி அவளையே பார்த்தார். "மூணு வாரம்," என்றார். நோட்டை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: "இதே மாதிரி வேற ஊர்லயும் மாட்டியிருக்கீங்களா?"

"பதினோரு ஊருங்க."

"அங்கெல்லாம் யாரும் நேரம் எழுதி வெச்சிருக்க மாட்டாங்களே."

அங்கிருந்தே கலைவாணனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். ஆபீஸிலிருந்தே எல்லாப் பெட்டியின் கட்டளையையும் மாற்றிவிடலாமே என்றார் அவர். ஆபீஸில் சோதித்ததால் வந்த வினைதான் இது, ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றாள். சரி, நாளைக்குப் பொம்மிடிப் பக்கம் போய்விட்டு வா என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தப்பு எங்கள் பக்கம்தான், இந்த நாளில் வருகிறேன் என்று பதினோரு நிலையங்களுக்கும் ஒவ்வொன்றாகச் செய்தி எழுதிக்கொண்டே போனாள்.