கம்பியின் கடைசி முனையில் பாட்டு

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் டெலிபோன் என்றால் ஒரே ஒரு கம்பிதான். கீழே ஃபேக்டரியில் தொடங்கும். ஆஸ்பத்திரி, துரை பங்களா, மேல் டிவிஷனில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு மலையேறி, கடைசியில் பம்பு ஹவுஸில் போய் முடியும். ஒவ்வோர் இடத்திலும் சுவரில் ஒரு மரப்பெட்டி, அதன் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் எல்லா இடத்திலும் மணி அடிக்கும். நீளமாக ஒரு மணி என்றால் ஃபேக்டரிக்கு, இரண்டு என்றால் ஆஸ்பத்திரிக்கு என்று கணக்கு. யாருக்கு அடித்தாலும் எல்லோரும் எடுத்துக் கேட்பார்கள் என்பது எழுதாத சட்டம். ரகசியம் பேச ஆசைப்படுகிறவன் நடந்துதான் போகவேண்டும்.

1979-ல் அந்த ஃபேக்டரியில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. பெயர் அமிர்தலிங்கம். வந்து இறங்கும் கொழுந்தின் எடையை எழுதுவது வேலை. பெரிய கிராணி ஆகும் அறிகுறி எதுவும் என்னிடம் இல்லை என்பதில் எஸ்டேட்டே ஒருமனதாக இருந்தது. ஆனால் என்னிடம் ஒரு ரேடியோ-கேசட் இருந்தது. ரிங்லெட் டவுனில் வாங்கியது, இரண்டு ஸ்பீக்கர். அதற்குப் பூப்போட்ட துணியில் நானே உறை தைத்திருந்தேன். அப்படி ஒரு நல்ல சட்டை எனக்கே கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் ஆபீசில் பழைய படப் பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டிருந்தேன். மேல் டிவிஷன் கங்காணி செல்லையா எடை சொல்ல மணியடித்தார். சொல்லி முடித்த பிறகும் வைக்கவில்லை.

"கிராணியாரே, அங்க என்னா பாட்டு? அத கொஞ்சம் கிட்டக்க கொண்டாங்க."

ரிசீவரை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். கதாநாயகனும் கதாநாயகியும் படகில் போகிற பாட்டு. முடிந்ததும் ரிசீவரை எடுத்தேன்.

"சுத்தமான மோகனம்," என்றார் செல்லையா. அவர் அப்பா கோயிலில் தவில் அடித்தவர். உலகத்திலுள்ள எல்லாப் பாட்டும் நாதஸ்வரத்திலிருந்து வந்தது என்பது செல்லையாவின் கட்சி.

"மோகனமாவது மண்ணாவது. அது ரும்பா," என்றது மூன்றாவது குரல்.

பம்பு ஹவுஸ் இருளப்பன். ஓடைத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுகிறவர். பம்பு காலையில்தான் ஓடும். மத்தியானமெல்லாம் வடிகட்டியில் அடைக்கும் இலையை அள்ளிப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். மனைவி போய்ச் சேர்ந்தபின் அங்கேயே ஒரு பலகை அறையில் குடித்தனம். இளமையில் ஈப்போவில் ஒரு கேளிக்கைப் பூங்காவில், ஜோகெட் ஆட்ட மேடைக்குப் பின்னால் டிரம் அடித்தவர். அந்த மேடையில் மலாய்ப் பாட்டு, சீனப் பாட்டு, இந்திப் பாட்டு, வெள்ளைக்காரனின் டான்ஸ் பாட்டு எல்லாம் வரும். அதனால் எந்தத் தமிழ்ப் பாட்டைக் கேட்டாலும் அதற்குத் தகப்பன் பெயர் சொல்லுவார். பாதி தப்பாக இருக்கும். சொல்லும் உறுதியில் மட்டும் தப்பே இருக்காது.

"ரும்பான்னா என்னாண்ணே?" என்று கேட்டேன்.

வாயாலேயே டிரம் அடித்துக் காட்டினார். பிறகு அதே தாளத்தின் மேல் படகுப் பாட்டைப் பாடினார். துடுப்புப் போடும் இடமெல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அப்படின்னா ரும்பாவே மோகனத்துலருந்து வந்திருக்கும்லா," என்றார் செல்லையா, விட்டுக்கொடுக்காமல்.

இப்படித்தான் ஆரம்பித்தது. துரை தானா ராத்தா டவுனுக்கு கோல்ஃப் அடிக்கப் போகிற நாட்களில், எடை முடிந்ததும் நான் மணியடிப்பேன். ஒரு பாட்டு, அதற்கொரு சண்டை. இன்னொரு பாட்டு, இன்னொரு சண்டை. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த தங்கம்மா அக்கா மூன்றாவது நாளே சேர்ந்துவிட்டார்.

"யாரு பெத்தா ஒங்களுக்கென்ன? புள்ள நல்லாருக்கா, அத பாருங்க," என்பது அவருடைய கட்சி.

என்னை 'ஸ்டேஷன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் அடக்கமாக இருப்பதுபோல நடித்தேன். ஒருவரும் நம்பவில்லை.

ஒரு சனிக்கிழமை பாட்டு நடுவில் சட்டென்று மெலிந்தது. அந்தக் கம்பியின் குணம் அது. ஒவ்வொரு ரிசீவர் கூடும்போதும் சத்தம் கொஞ்சம் இறங்கும்.

"யாரோ எடுத்துட்டாங்க," என்றார் செல்லையா, குரலைத் தாழ்த்தி.

நான் பாட்டை நிறுத்தினேன். கம்பியில் யாரும் மூச்சுவிடவில்லை. படபடவென்று ஏதோ வெடித்தது.

"பங்களாவுல கடுகு பொரியுது," என்றார் இருளப்பன்.

"நாந்தான்," என்றது ஒரு பெண் குரல். துரை பங்களாவில் சமைக்கிற அம்மாக்கண்ணு. "ரெண்டு மாசமா கேக்கறேன். தொரைகிட்ட சொல்லிடாதீங்க. வெச்சிடறேன்."

"ஏய், வெக்காதடி!" என்றார் தங்கம்மா. "தொர காரு போனதும் எங்களுக்குச் சொல்ல ஆளு வேணாமா?"

அம்மாக்கண்ணு அன்றிலிருந்து எங்கள் காவல். அவரை விட முடியாது. பிறகு ஸ்டோர்காரர் சேர்ந்தார். கீழ் டிவிஷன் கொட்டகை சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தவர்கள் முறை வைத்து ரிசீவரில் காதை ஒட்டினார்கள். திரிங்காப் பக்கமிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப் போகிற லோரிக்காரன் ஒருவன், தந்திக் கம்பி எங்கே போகிறது என்று விசாரித்தானாம். என் தலைக்கனம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு புதன்கிழமை அதே படகுப் பாட்டைத் திரும்பப் போட்டேன். ஆட்கள் புதிது, அவர்களும் கேட்கட்டும் என்று.

"எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே," என்றேன், ரும்பா விளக்கத்தை எதிர்பார்த்து.

இருளப்பன் கொஞ்சம் தயங்கினார். "இது... குதிர வண்டிப் பாட்டுதானே? இந்திக்காரன்கிட்டருந்து எடுத்தது."

கம்பி முழுக்கச் சிரித்தது.

"அண்ணே, தண்ணியில குதிர வண்டி ஓட்டறீங்களே!" என்றார் செல்லையா. "டிரம்மு அடிச்சி அடிச்சி காது போயிருச்சு போலருக்கு!"

"போயிருக்கும்," என்றார் இருளப்பன்.

அடுத்த வாரம் இன்னொரு பாட்டுக்கு இன்னொரு தப்பு. அதற்கடுத்த வாரம், "நல்லாருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். பிறகு அதுவும் இல்லை. பம்பில் கோளாறு, வேலை இருக்கிறது என்றார். அவர் வராத நாட்களில் செல்லையா பாட்டுக்குப் பாட்டு மோகனம் என்று சொல்ல, மறுத்துப் பேச ஆளில்லாமல் போயிற்று. எதிர்த்து ஆடுகிறவன் இல்லாத கேரம் மாதிரி. ஆனால் ஒன்று: பாட்டு கணீரென்று கேட்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

"புது பேட்டரி," என்றேன் நான், பெருமையாக.

பம்பில் கோளாறு என்றால் தொட்டியில் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஃபேக்டரிக்கு வருகிற தண்ணீர் வந்தபடிதான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை செல்லையாவைக் கீழே வரச்சொல்லி ரேடியோவை அவரிடம் ஒப்படைத்தேன். எந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்று நாலு தடவை சொல்லிவிட்டு மலையேறினேன்.

இருளப்பன் படியில் உட்கார்ந்து வடிகட்டியின் கம்பி வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பம்பு நன்றாகவே இருந்தது. கறுங்காப்பி ஊற்றிக் கொடுத்தார். சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. நான் போய் ரிசீவரை எடுத்தேன்.

டப்பாவில் அடைத்த கொசு மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். காதை அழுத்தினேன். கொசு கொஞ்சம் பெரிதாயிற்று.

"என்னாண்ணே இது?"

"பாட்டு. என்னா பாட்டுன்னு சொல்லு பாப்போம்."

"தெரியலண்ணே."

"எனக்கும் தெரியல. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க."

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"லயத்து வீட்டு வரிசையில பைப்பு பாத்திருக்கியில்ல? கீழ் வீட்டுல நாலு பேரு கொழாயத் தொறந்தா மேட்டு வீட்டுக்காரிக்குச் சொட்டுகூட வராது. இதுவும் அதான். நான் மேட்டு வீட்டுக்காரி."

"சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"என்னான்னு? ஆஸ்பத்திரியில காலு ஒடிஞ்சி கெடக்கறவன்கிட்ட, 'டேய், வெச்சிடு, எனக்குக் கேக்கல'ன்னா? நான் ஒருத்தன் எடுக்காம இருந்தா ஒங்களுக்கெல்லாம் கொஞ்சம் கூடுதலா கேக்கும். கேட்டுச்சா இல்லியா?"

கேட்டது. புது பேட்டரி என்று சொல்லிக்கொண்டது நான்தான்.

"காது போச்சுன்னு செல்லையா சொன்னப்ப எனக்கே கொஞ்சம் சந்தேகம்," என்றார். "அப்புறம் தவள கத்தறது நல்லாதான் கேட்டுச்சு. சரி, இனிமே வேலைக்கு மட்டும் கூப்புடு கிராணி. பாட்டுக்கு நான் எடுக்கமாட்டேன். சூசா வேணாம், யாருக்கும் தொந்தரவு வேணாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருப்பேன். வலையைத் தைத்து முடித்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அந்த இடத்தில் மனிதக் குரல் என்று ஒன்று வந்தால் அந்த மரப்பெட்டி வழியாகத்தான் வரவேண்டும். அதையும் அவரே மூடிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் விஷயத்தைச் சொன்னேன். செல்லையா நாலைந்து தடவை "அடப்பாவமே" என்றார். ஒவ்வொரு பாட்டுக்கும் பாதிப் பேர் வைத்துவிட வேண்டும் என்று தீர்மானம். வேண்டாம் வேண்டாம் என்ற இருளப்பனைக் கெஞ்சி எடுக்க வைத்தோம்.

"மொதல்ல நான் வெக்கறேன்," என்றார் தங்கம்மா.

"நானும் வெச்சிட்டேன்," என்றார் செல்லையா.

"நானும்," என்றது ஸ்டோர்.

பாட்டைப் போட்டேன். முடிந்ததும், "அண்ணே, கேட்டுச்சா?" என்றேன்.

"கொசுதான்," என்றார் இருளப்பன்.

"யாரு இன்னும் வெக்கல?" என்று கத்தினேன்.

"எல்லாரும் வெச்சிட்டோம்!" என்று கம்பியிலிருந்து ஒரே குரலாகப் பதில் வந்தது.

இருளப்பன் முதல் முறையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, "சரி, பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. விடைபெறுகிறவன் சிரிக்கிற சிரிப்பு.

ஒரு வாரம் ரேடியோவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன செய்யவேண்டும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். பிடிக்காத யோசனை மட்டும் சீக்கிரம் வந்துவிடும். யாரையாவது கேட்டால் வேறு வழி சொல்வார்களா என்று பார்த்தேன். தங்கம்மா அக்காவிடம் கேட்டேன்.

"ஒனக்குத் தெரியாமயா எங்கிட்ட கேக்கற?" என்றார் அவர். அத்தோடு அந்த வழியும் அடைபட்டது.

சனிக்கிழமை காலையில் ஒரு கொழுந்துக் கூடையில் சாக்கு விரித்து, ரேடியோவை உறையோடு உட்கார வைத்து, மேலே பிளாஸ்டிக் மூடி, கேசட்டுகளைச் சுற்றிலும் அடுக்கி, தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தூறல். சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கிராணி, பொண்ணக் கட்டிக் குடுத்து அனுப்பறீங்களா?"

"சீரு இவ்ளோதானா?"

மாப்பிள்ளை வீடு ரொம்ப உயரம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். மூச்சு வாங்கியதால் வேறு பதில் வரவில்லை.

பம்பு ஹவுஸில் கூடையை இறக்கி, பிளாஸ்டிக்கை எடுத்தேன். இருளப்பன் எட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"பாட்டுக்கு இதான் பம்பு. பம்பு ஒங்ககிட்ட இருந்தா மொதத் தண்ணி ஒங்களுக்குத்தானண்ணே. இங்கருந்து போடுங்க. கீழ இருக்கறவங்களுக்குச் சொட்டு வந்தா போதும்."

அவர் இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டு, உறையை மெதுவாகக் கழற்றினார்.

"யாரு தெச்சது?"

"நாந்தான்."

"தெரியுது. கோணலா இருக்கு."

பாடலை எப்படிப் போடுவது என்று நான் காட்டித்தர ஆரம்பித்தேன். டிரம் அடித்தவனுக்கு இது தெரியாதா என்று என் கையைத் தட்டிவிட்டார். பிறகு தப்பான பொத்தானை அழுத்தினார். நான் பேசாமல் சரியானதை அழுத்தினேன். படகுப் பாட்டு வந்தது. பலகை அறை முழுக்க. அவர் பெட்டியின் மூடியில் விரலால் அடித்துக்கொண்டே கேட்டார். "ரும்பா," என்றார் முடிவில், யாரும் கேட்காமலே.

அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ரேடியோ கையில் வந்ததும் இருளப்பன் பேச ஆரம்பித்தார். ஒரு பாட்டுப் போடுவதற்கு முன்னால் அது பிறந்த கதை. அந்த மெட்டு எந்தக் கப்பலில் எந்த ஊருக்கு வந்தது, ஜோகெட் மேடையில் அதற்கு யார் ஆடினார்கள், ஆடினவள் யாரைக் கட்டிக்கொண்டாள் என்பதுவரை போகும். பாட்டு எப்போது என்று கேட்டால், "அவசரமா? ஸ்டேஷன மாத்திக்க" என்பார். மாற்ற வேறு ஸ்டேஷன் இல்லை. செல்லையா நடுவில் மோகனத்தைக் கொண்டுவந்தால் உடனே பாட்டைப் போட்டு அவர் வாயை அடைத்துவிடுவார். என் காலத்தில் இப்படி ஓர் அதிகாரம் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஃபேக்டரி இப்போது கம்பியின் அந்தக் கோடி. மாடியில் கொழுந்து வாட்டுகிற காற்றாடிகளின் இரைச்சல் வேறு. முதல் நாள் ரிசீவரை ஒரு காதில் அழுத்தி, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏதோ ரீங்காரம் வந்தது. போயிற்று. மறுபடி வந்தது. அது பாட்டா, இருளப்பன் பேச்சா, அம்மாக்கண்ணுவின் தாளிப்பா என்று தெரியவில்லை. பிறகு குரல் மட்டும், அவர் கத்தியதால், புரிந்தது.

"கிராணி! கேக்குதா?"

"கணீர்னு கேக்குதுண்ணே!"

"அப்ப சொல்லு, இது எங்கருந்து வந்துச்சு?"

கொஞ்சம் யோசித்தேன். தெரியாததை உறுதியாகச் சொல்லவேண்டும் என்பதை அவரிடமே கற்றிருந்தேன்.

"ரும்பாண்ணே!"

"நாதஸ்வரக் கச்சேரிய ரும்பாங்கறாரு!" என்று செல்லையா கூவினார். "கிராணியாருக்குக் காது போயிருச்சுலா!"

பாட்டு எனக்கு எட்டவில்லை. எல்லோரும் சேர்ந்து சிரித்ததால் சிரிப்பு மட்டும் நன்றாகவே எட்டியது. அதிலும் முதலில் வந்தது பம்பு ஹவுஸ் சிரிப்பு.