பூஜ்யம் காட்டிய பெண்

தையல்காரியின் மகள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பள்ளி மைதானத்து எடைமேடையில் ஏறி நின்றபோது முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. பயிற்சியாளர் மேடையை ஓர் உதை உதைத்துவிட்டுத் தானே ஏறிப் பார்த்தார். எண்பத்தொன்பது காட்டியது. வயிற்றை எக்கிக்கொண்டு நின்றாலும் எண்பத்தொன்பதுதான். நர்ஸம்மா தோல்மடிப்பை அளக்கும் இடுக்கியை எடுத்து அவள் மேற்கைச் சதையில் வைத்து அழுத்தினாள். அது காற்றைக் கவ்வியது போல மூடிக்கொண்டது.

பதினான்கு வயது, ஓட்டத்தில் அவளை முந்த ஆளில்லை. ஆனால் கொழுப்பு பதினெட்டு சதவீதத்தைத் தாண்டினால் தொடர் ஓட்ட அணியில் இடம் கிடையாது. அவரவர் எண்ணை உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டி மானத்தை வேறு வாங்குவார்கள். போன மாதம் அவளுக்கு இருபத்திரண்டு சதவீதம். ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னார் பயிற்சியாளர். பதினோரு நாள் விட்டாள். தையல்காரி தட்டை வைத்துக்கொண்டு கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் உட்கார்ந்து அழுதாள். திங்கட்கிழமை அந்தப் பெண் தட்டை இழுத்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "இனிமே என்னை யாரும் நிறுக்க வேணாம்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். மறுநாள்தான் இந்தப் பூஜ்யம்.

குழம்பிப்போன நர்ஸம்மா கொழுப்புக் கணக்குப் போடும் அட்டவணையை முதல்முறையாக முதல் பக்கத்திலிருந்து படித்தாள். "சார், இது பெரியவங்களுக்குப் போட்ட கணக்கு. வளர்ற பிள்ளைங்களுக்கு எலும்பும் வேற, உடம்புல தண்ணியும் வேற. ஒன்பது வருஷமா தப்பா எழுதியிருக்கோம்." பயிற்சியாளர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நம்பர் இல்லாமல் போட்டிக்குப் பேரை அனுப்ப முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"பூஜ்யமும் நம்பர்தானே சார். பதினெட்டுக்குக் கீழதான் இருக்கு, எழுதிக்கோங்க" என்றாள் நர்ஸம்மா.

அவர் போட்ட விதி. வேறு வழியில்லை, எழுதினார். அவள் ஓடி ஜெயித்தாள். பூஜ்யம் எடையுள்ள அந்தப் பெண்ணின் காலடிகள் மண்பாதையில் இரண்டு விரல் ஆழத்துக்குப் பதிந்தன. அடுத்த மாதம் இன்னும் ஏழு பிள்ளைகளுக்கு முள் அசையவில்லை. கதவில் ஒட்ட எதுவும் இல்லாமல் போனது. எடைமேடை தண்ணீர்க் கேனுக்கு அடியில் போனது.

இப்போது அவளுக்கு முப்பத்தொன்று, இரண்டு பிள்ளைகள். மருத்துவமனையில் எடை பார்ப்பவர்கள் அவளைக் கண்டதும் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு, சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்கிறார்கள்.