படகுக் காருக்கு எடுத்த ஆரத்தி

அம்பத்தூரில் அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிட்டு, மிச்ச விரலால் மூக்கைச் சொறிந்துகொள்ளலாம். அதிலும் காரை வைத்துக்கொண்டு ரயிலில் போய்வந்தவர் கன்னியப்பன் ஒருவர்தான்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிற மனிதருக்குக் கார் எப்படி வந்தது? கோடம்பாக்கத்தில் ஒரு சினிமாக் கம்பெனி நொடித்துப்போய், தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு ஒரு பெஞ்சு வாங்கிவரப் போனவர், அமெரிக்கக் கார் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கூரை இல்லாத திறந்த கார். நீளமென்றால் அப்படியொரு நீளம். முன்விளக்கில் வெயில் அடிக்கும்போது பின்விளக்கில் மழை பெய்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஊர் அதற்குப் படகுக் கார் என்று பெயர் வைத்தது.

அந்தக் காரின் பெருமையே அது கியரைத் தானாக மாற்றிக்கொள்ளும் என்பதுதான். கிளட்ச் மிதியே கிடையாது. பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும், அது சீட்டுக்கு அடியில் கழன்று விழுந்திருக்குமோ என்று குனிந்து தேடிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் வந்த நாளிலிருந்து ஒரு கோளாறு. இன்ஜின் தொண்டை கிழியக் கத்தும், சக்கரம் தூங்கும்.

அதனாலெல்லாம் மனிதர் அசரவில்லை. மகள் பொன்னியம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "மாப்பிள்ளை அழைப்பு என் வண்டியிலதான்" என்று ஆவடி வரைக்கும் சொல்லி வைத்தார். மாப்பிள்ளை கோவிந்தன் திருநின்றவூர்ப் பையன். பூந்தமல்லி ரூட்டில் பஸ் கண்டக்டர்.

மனைவி சொர்ணம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "வண்டி ஓடுச்சுன்னா ஊட்டுல இருக்கட்டும். ஓடல, கல்யாணம் முடிஞ்ச மறுநாளு காயலாங்கடை. மாட்ட கட்டி இய்த்துகினு போவச் சொல்லுவேன்."

"நானே மாடு புடிச்சாறேன்க்கா" என்றான் அவள் தம்பி தேவராஜ். அவனிடம் ஒரு டாக்சி இருந்தது. அழைப்புக்குத் தன் வண்டியைக் கேட்கவில்லையே என்கிற கடுப்பு அவனுக்கு.

கன்னியப்பனுக்கு இருந்த ஒரே துணை, அவரோடு வேலை பார்த்த ஃபிட்டர் கிறிஸ்துதாஸ். காருக்கடியில் போய்ப் படுத்து, விரலால் தொட்டு, மோந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்.

"மாமே, கியர்ப் பொட்டில எண்ணெ தீஞ்சி போய்க் கீது. இந்த வண்டிக்கு அந்த எண்ணெதான் ரத்தம். சிவப்பா ஒரு எண்ணெ வரும். அத்த மாத்தினா குதிர மாரி ஓடும்."

அந்தச் சிவப்பு எண்ணெய்க்காக மவுண்ட் ரோடு முழுக்க அலைந்தார்கள். கடைக்காரர்கள் இவர்களைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கிறவர்களைப்போலப் பார்த்தார்கள். கடைசியில் ஹார்பரில் வேலை செய்கிற கிறிஸ்துதாஸின் தங்கை புருஷன், ஏதோ ஒரு கப்பலிலிருந்து ஒரு டின் பிடித்துக் கொடுத்தான். டின் வந்து சேர்ந்தது கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில். அன்று சாயங்காலம் அழைப்பு.

வீட்டுப் பின்னால் வேலை தொடங்கியது. காரை உரல்களின் மேல் தூக்கி நிறுத்தினார்கள். கியர்ப் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றியதும், அடிப்பிடித்த பாயசம் மாதிரி கறுப்பாக ஒன்று இறங்கியது. அதன் நாற்றத்தில் தெருவில் போன ஆடு ஒன்று மயங்கி விழுந்ததாகச் சொல்வார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆடு உட்கார்ந்தது, அவ்வளவுதான். அந்தக் கறுப்பு எண்ணெயையும் வீணாக்காமல், கரையான் அரிக்காதிருக்கப் பந்தல் கால்களுக்குப் பூசிவிட்டார் கன்னியப்பன்.

புது டின்னின் வாயில் துரு. "வடிகட்டாம ஊத்தினா வண்டிக்கு வயித்தால போவும்" என்றான் கிறிஸ்துதாஸ். சமையல்காரர் அசந்த நேரம் பார்த்து ஒரு பித்தளைக் குண்டானைக் கிளப்பிக்கொண்டு வந்தார் கன்னியப்பன். தன்னுடைய வெள்ளை வேட்டியை அதன் வாயில் கட்டி, மொத்த எண்ணெயையும் வடித்தார். ரத்தினம் கரைத்த மாதிரி செக்கச்செவேலென்று வந்தது. அதைக் கிணற்றடியில் வைத்து, தூசி விழாமல் துணி போட்டு மூடினார். கிறிஸ்துதாஸ் அடித்தட்டை மறுபடி பூட்டுவதற்குக் காருக்கடியில் போனான்.

அப்போதுதான் வாசலில் மேளம். சொர்ணம் பின்கட்டுக்கு ஓடிவந்தாள்.

"யோவ்! சம்பந்தி ஊட்டுக்காரங்க ரயில வுட்டு எறங்கி வந்துகினு கீறாங்க. பொண்ணப் பெத்தவன் பூதம் மாரி நிக்கிற. மூஞ்சக் கழுவுய்யா!"

கன்னியப்பன் மண்ணெண்ணெயும் மரத்தூளும் சீயக்காயும் போட்டுத் தேய்த்துக் கறையைப் போக்கி, வேறு வேட்டி கட்டிக்கொண்டு வருவதற்குள், திருநின்றவூரே ரயிலேறி வந்துவிட்டதோ என்னும்படி ஒரு கூட்டம் பந்தலில் உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தது. கும்பிட்டபடி மாப்பிள்ளையின் அருகில் போனார். போனவர் கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றார்.

மாப்பிள்ளையின் நெற்றியில் ஆரத்திப் பொட்டு. அது நெற்றியில் நிற்கவில்லை. மூக்கின் வழியாக இறங்கி, மீசையில் சற்றுத் தங்கி, உதட்டைப் பார்த்துப் பயணம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளையின் அத்தை வேம்புலியம்மாள். அவள் நெற்றியிலும் அதே. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சனம் முழுக்க, ஆளுக்கொரு துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தது. கன்னியப்பன் குனிந்து மாப்பிள்ளையின் நெற்றியை மோந்து பார்த்தார்.

"இன்னா மாமா?" என்றான் மாப்பிள்ளை, நெளிந்துகொண்டே.

"ஒண்ணுமில்ல மாப்ள. பாசம்."

திரும்பி ஒரே ஓட்டம். ஆரத்தி எடுத்தவள் சொர்ணத்தின் அக்கா கெங்கம்மாள்.

"அக்கா, ஆரத்திய யாரு கரச்சா?"

"யாரு கரச்சா இன்னா தம்பி? கெணத்தடியாண்ட குண்டான்ல மூடி வெச்சிருந்துது. சொர்ணம்தான் ஒயுங்கா எடுத்து வெச்சிக் கீறான்னு நெனச்சேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கஞ்சத்தனம் பண்ணாம போட்டுக் கீது, கொயகொயன்னு. வெத்தல மேல சூடம் வெச்சி மெதக்க வுட்டேன் பாரு, தெப்பம் மாரி சுத்திச்சு!"

"எத்தினி தட்டு எடுத்த?"

"அவங்க கும்பல் கும்பலா வந்தாங்க. நானும் தட்டு தட்டா எடுத்து, முச்சந்தில ஊத்திட்டேன். திருஷ்டியெல்லாம் போச்சு."

திருஷ்டியோடு சேர்ந்து கியரும் போயிருந்தது. முச்சந்தியில் போய்ப் பார்த்தார்கள். மண் மினுமினுவென்று இருந்தது, அவ்வளவுதான். குண்டானில் பாதி எண்ணெய்கூட மிச்சமில்லை. மெட்ராஸில் வேறு டின் கிடையாது.

தேவராஜுக்கு விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, சமையக்கட்டுல கடலெண்ணெ டின்னு டின்னா கீது. ஊத்திப் பாரேன்."

கன்னியப்பன் ஒரு நொடி நிஜமாகவே சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"மாமே, அது வண்டி, வடச்சட்டி இல்ல" என்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பினான் கிறிஸ்துதாஸ். "இருக்கிறத ஊத்துவோம். வர்றது வரட்டும்."

ஊற்றினார்கள். உரல்களிலிருந்து காரை இறக்கி, இன்ஜினைக் கிளப்பி, முன்னால் போகிற இடத்துக்குக் கியர் நெம்புகோலைத் தள்ளினார் கன்னியப்பன். இன்ஜின் கத்தியது. பந்தலில் இருந்த குழந்தைகள் அழுதன. கார் அசையவில்லை. மறுபடி தள்ளினார். ஊஹூம். சொர்ணம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள். தேவராஜ், "எந்த மாடுக்கா, செவலையா வெள்ளையா?" என்று கேட்டான்.

அவமானத்தில் கன்னியப்பன் ஸ்டீயரிங்கின் மேல் தலையைச் சாய்த்தார். முழங்கை பட்டு நெம்புகோல் பின்பக்கத்துக்கு நழுவியது. உடனே கார், எத்தனையோ வருஷமாக அதற்காகவே காத்திருந்த மாதிரி, கம்பீரமாகப் பின்னால் நகர்ந்தது. தேவராஜ் துள்ளிக் குதித்து வேலியில் விழுந்தான்.

"பின்னால போவுது மாமே!" என்று கூவினான் கிறிஸ்துதாஸ்.

"பின்னாலதான் போவும்! முன்னால?"

"போவாது. கீற எண்ணெக்கு அவ்ளோதான்."

கன்னியப்பன் தலையைத் தூக்கினார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. லேத் மெஷினில் ஒரு பாகம் தலைகீழாக மாட்டிக்கொண்டால் மெஷினையே சுற்றி வந்து வேலையை முடிக்கிற ஆள் அவர்.

சாயங்காலம், காரைப் பின்பக்கமாகவே தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, அங்கே மாலை போட்டுக்கொண்டு நின்ற மாப்பிள்ளையிடம் விஷயத்தை மெதுவாகச் சொன்னார். வேம்புலியம்மாள் குறுக்கே விழுந்தாள்.

"இன்னாங்கடா இது அநியாயம்! மாப்பிள்ள பின்னால போனா குடும்பம் வெளங்குமா?"

"அத்தே, மாப்பிள்ளைக்கு மூஞ்சி எந்தப் பக்கமோ அதான் முன்னால" என்றான் கிறிஸ்துதாஸ். "பின்சீட்டு மேல திரும்பி ஒக்காந்து டிக்கி மேல கால் வெச்சார்னா, பேண்டு செட்டு மூஞ்சிக்கு நேரா. இதுல இன்னா கொற?"

"கொற ஒண்ணு கீதே" என்றார் கன்னியப்பன், குரல் இறங்கி. "மாப்ள ஒக்காந்தா எனக்கு ரோடு தெரியாது. அவரு முதுகுதான் தெரியும்."

தேவராஜ் தன் டாக்சிச் சாவியை எடுத்து விரலில் சுழற்றினான்.

கோவிந்தன் சிரித்தான். மாலைக்கு உள்ளே கைவிட்டு, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தான். விசில்.

"மாமா, டெப்போவுல தெனம் இன்னா பண்றோம்? டிரைவருக்குப் பின்னால கண்ணு ஏது? நான் ஊதறேன், நீ வா."

ஊர் அதுவரை அப்படியொரு அழைப்பைப் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப் போவதுமில்லை. முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்குகள், பேண்டு செட்டு. அவற்றுக்குப் பின்னால், டிக்கியை நீட்டிக்கொண்டு படகுக் கார். அதன் மேல் மாலையும் கழுத்துமாகக் கோவிந்தன். "வரலாம், வரலாம், லெப்டுல ஒடி... மாடு கீது மாமா, ஓல்டான்! ரைட், போலாம்!" பேண்டுக்காரர்கள் விசிலுக்குத் தகுந்த மாதிரி தாளத்தை மாற்றிக்கொண்டார்கள். தெருத் திருப்பத்தில் பழக்கதோஷத்தில், "டிக்கெட் வாங்காதவங்க வாங்கு" என்றுகூட அவன் சொல்லிவிட்டதாகக் கேள்வி. வேம்புலியம்மாள் முதலில் முறைத்தாள். பாதி வழியில் தாளத்துக்குத் தலையாட்டினாள். பந்தல் வருவதற்குள் காரில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

பந்தல் வாசலில் கெங்கம்மாள் ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றாள். கன்னியப்பன் காரை விட்டு இறங்கி, தட்டில் விரலை விட்டு, மோந்து, நாக்கிலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரத்தி எடுக்க விட்டார்.

"ஓடுச்சா இல்லியா?" என்றார் சொர்ணத்திடம்.

"பின்னாலதானய்யா ஓடுச்சு!"

"ஓடணும்னுதான சொன்ன? எந்தப் பக்கம்னு சொன்னியா?"

சொர்ணம் தம்பியைப் பார்த்தாள். தம்பி சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். அவளுக்கு வந்த சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு, "போய்த் தொலையட்டும், கெடந்துட்டுப் போவுது. மொதல்ல மூஞ்சத் திருப்பிப் பேசு" என்றாள்.

அதுதான் முடியவில்லை. வழி நெடுக மாப்பிள்ளையின் முதுகைத் திரும்பிப் பார்த்தபடி ஓட்டிய கழுத்து, திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. நல்லெண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். விடிந்து முகூர்த்தத்தில் எடுத்த போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் மட்டும், வாயெல்லாம் பல்லாக, வாசலில் நிற்கும் தன் காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.