வயிற்றுக்குள் நடந்த பேரம்

1937ஆம் வருஷம் சித்திரை மாதம், கோச்சடைச் சீனியம்மாளுடைய பசுவின் வயிற்றுக்குள் இருந்த கன்று, தான் பூமிக்கு வருவதற்கு விலை ஐந்து என்றது. அந்த வாரம் மதுரையில் பருத்திக்கொட்டை விலைகூடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. கன்று லேசில் இறங்குகிற மாதிரித் தெரியவில்லை.

விலையைக் கையால் கேட்டவன் காசிமாயன். எழுமலைக்காரன், மதுரை மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலைக்குப் பயிற்சியில் இருந்தவன். அவன் அப்பா கருத்தக்கண்ணன் மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கு அடியில் கையை விட்டு, எதிராளியின் விரலை எண்ணிப் பிடித்தே பேரத்தை முடிப்பவர். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது, சில சமயம் விற்றவனுக்கே தெரியாது. அந்தப் பிழைப்பு வேண்டாம் என்று வந்த மகன், ஊசியை வெந்நீரில் போட்டு எடுக்கவும், பேதியுப்பைக் கரைத்து மூங்கில் குழாயில் புகட்டவும், வாலைத் தூக்கிக் காய்ச்சல் பார்க்கவும், உதை எந்தப் பக்கம் வரும் என்று முன்னாலேயே ஒதுங்கவும் ஒரு வருஷம் படித்தான். பாக்கி இருந்தது ஒரே ஒரு பிரசவம். தாயும் கன்றும் பிழைத்தால் சர்டிபிகேட். செத்தால் எழுமலைக்குத் திரும்பி, ஆயுசுக்கும் அப்பாவின் துண்டுக்கு அடியில் கையை விட வேண்டியதுதான்.

சீனியம்மாளின் பசு விடிந்ததிலிருந்து முக்கிக்கொண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட வந்த டாக்டரின் கை தடித்த கை, உள்ளே போகவில்லை. காசிமாயன் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு தோள்வரைக்கும் விட்டான். "வாயில விரலை விடு. சப்பினா உசிர் இருக்கு" என்றார் டாக்டர். கன்று சப்பவில்லை. ஐந்து விரலையும் சேர்த்து ஈறால் கவ்வி ஓர் அழுத்து அழுத்தியது. வேறு எவனாக இருந்தாலும் உயிர் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருப்பான். தரகர் மகனுக்கு அது விலை. யோசிக்காமல் கன்றின் வாயிலிருந்து விரல்களை உருவி, உள்ளேயே ஒற்றை விரலை மட்டும் நீட்டினான். கன்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"உள்ள என்னய்யா பண்றே?" என்றார் டாக்டர்.

"பேசிக்கிட்டிருக்கேன் சார். அஞ்சுங்குது."

டாக்டர் அப்படியே சாணிக்கூடை மேல் உட்கார்ந்துவிட்டார். சீனியம்மாளுக்கும் அதிர்ச்சிதான், ஆனால் அது வேறு அதிர்ச்சி. "அஞ்சா? பொறக்கவே அம்புட்டா? படியாதுன்னு சொல்லு தம்பி! கொறச்சுக் கேளு!"

இரண்டு என்றான். கன்று மசியவில்லை. பசுவின் கண் செருக ஆரம்பித்தது. நடுவிரல்கள் மூன்றையும் நீட்டினான். கன்று கவ்வி ஒரு குலுக்குக் குலுக்கியது. படிந்துவிட்டது. அடுத்த மூச்சில் முன்னங்கால், தலை, உடம்பு என்று கிடாரிக் கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. பின்னாலேயே காசிமாயனின் கை வந்தது. அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. ரத்தமில்லை, காயமில்லை, மூன்றும் அங்கே எந்நாளும் முளைத்ததே இல்லை என்பது போலத் தோல் வழவழவென்று இருந்தது. சீனியம்மாளின் குலவை பாதியில் நின்றது. டாக்டர் வைக்கோலைக் கிளறினார், நஞ்சுக்கொடியை உதறினார், கடைசியில் தன் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டார். கன்று நாக்கைச் சப்புக் கொட்டியது.

சேதி கேட்டு வந்த கருத்தக்கண்ணன் மகனின் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்.

"ரூவாயா, பருத்திக்கொட்டையான்னு வாயால சொல்லிட்டுத்தானடா கையக் குடுக்கணும்? சொன்னியா?"

"சொல்லலப்பா."

"நீ விரல நீட்டுன, அது விரல எடுத்துக்கிருச்சு. யாவாரத்துல அது மேல குத்தமில்ல."

தாயும் கன்றும் உயிரோடு இருந்ததால் சர்டிபிகேட்டை நிறுத்த வழியில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டார். காசிமாயனை எழுமலை மாட்டாஸ்பத்திரிக்கே போட்டார்கள். இடது கையால் ஊசி குத்தப் பழகிக்கொண்டான். 1940இல் அந்தக் கிடாரி தலைச்சன் ஈன்றது. முதல் நாள் பால் கறக்க உட்கார்ந்த சீனியம்மாள் செம்பைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். காம்பு நான்கில் மூன்றின் நுனியில் நகம் இருந்தது. கோச்சடையே திரண்டு வந்து பார்த்தது, தொட்டுப் பார்த்தவர்களுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பால் கெட்டியாக இருந்ததால் ஒரு மாதத்தில் அதே வீடுகள் செம்போடு வந்து நின்றன. இப்போது சீனியம்மாளுக்கு ஒரே குறை, நகம் வளர்ந்து கன்றின் நாக்கில் குத்துகிறது. ஆள் அனுப்பினால் காசிமாயன் பஸ் ஏறி வந்து, பசுவுக்கு அடியில் குந்தி வெட்டிவிட்டுப் போவான். "மெதுவாக் கறங்கக்கா, விடியக்கால இல்லாத விரல்ல வலி தாங்கல" என்பான். அவள் அதற்காகக் கையில் கொஞ்சம் வெண்ணெய் கூடுதலாகத் தடவிக்கொள்கிறாள். எழுமலையில் ஏழு, கோச்சடையில் மூன்று, ஆகப் பத்து. கணக்கு நேர்.